மூன்று கால் ஏணியும் அருணகிரியும்

அருணகிரிக்கு ஓர் ஏணியின் மேல் பொறாமை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. அந்தப் பொறாமை அவன் இடுப்பில் சிவப்புத் தடமாக வந்து நின்ற அன்றோடு சிரிப்பு போய்விட்டது.

அவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் அவனைப் புரட்டி, துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறேன். அதனால் ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. நான் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு வேலூரில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து, இருபத்திரண்டு வருஷம் பல வீடுகளில் அந்த வேலை செய்தவள். மலைக்குத் திரும்பிய பிறகு எல்லோரும் நர்சம்மா என்கிறார்கள். திருத்திச் சொல்லிப் பார்த்தேன், கேட்பதாயில்லை, விட்டுவிட்டேன்.

புதூர்நாட்டிலிருந்து ஜீப் போகும் பாதையில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் அவன் ஊர். முப்பது வீடு இருக்கும். சரிவில் சாமை, வீட்டை ஒட்டிப் பலா, ஓடைப் பக்கம் புளிய மரங்கள். தை பிறந்துவிட்டால் பங்குனி முடியும் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் புளியைப் பற்றித்தான் பேச்சு.

மரம் ஏறுவதில் அருணகிரிக்கு ஈடாக ஆள் இல்லை என்று அவனே சொல்வான். மற்றவர்கள் மறுத்ததில்லை. ஏணியையும் அவனே செய்வான். கடைசியாகச் செய்த ஏணி இன்னும் இருக்கிறது. இருபத்தோரு படி. இரண்டு கால்களும் ஒரே மூங்கில் புதரில் ஒரே நாளில் வெட்டியவை. அடியில் இரண்டு முழம் அகலம். மேலே போகப் போக ஒடுங்கி, நுனியில் ஒரு சாண். அடி அகலமாக இருந்தால் ஆடாது, நுனி ஒடுங்கியிருந்தால் கிளைக் கவையில் போய் உட்காரும். கால்களின் நுனியைச் சாய்வாகச் சீவிக் கூராக்கியிருப்பான், மண்ணில் இறங்கிப் பிடிக்க. படிக்கு மூங்கில் வைக்கமாட்டான். காட்டு மரக் கம்பைத் துளையில் செருகி ஆப்பு அடிப்பான். சரிவில் ஏணி வைக்கும்போது மேட்டுப் பக்கத்துக் காலுக்குக் குழி தோண்டி மட்டம் பார்ப்பான். ஏறியதும் முதல் வேலையாக நுனியைக் கயிற்றால் கிளையோடு கட்டுவான். இவ்வளவும் அவன் வாயால் நூறு முறை கேட்டது. நோயாளிகள் அவரவர் பெருமையைத்தான் பேசுவார்கள்.

கீழே நின்று ஏணிக் காலைப் பிடிப்பது அவன் மனைவி காந்தா. இந்தப் பக்கத்தில் ஏணியை வீட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும். புருஷன் ஏறினால் பெண்டாட்டி, அண்ணன் ஏறினால் தம்பி. வீட்டில் ஆள் போதாவிட்டால் நம்பிக்கையான அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார்கள், கூலிக்கு ஆள் வைத்துப் பிடிக்கச் சொல்லமாட்டார்கள். வீட்டில் சண்டை என்றால் அன்றைக்கு மரம் ஏறுவதில்லை. காந்தா இருபத்தைந்து வருஷம் பிடித்தவள்.

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம், அருணகிரி ஏணியிலிருந்து விழுந்தான். முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

பக்கத்து மரத்தில் இருந்தவன் கோபால்சாமி, அருணகிரியின் சேக்காளி. சத்தம் கேட்டுத் திரும்பியபோது அருணகிரி தரையில் கிடந்தான், ஏணியும் தரையில் கிடந்தது, காந்தா கத்திக்கொண்டு நின்றாள். அந்த ஏணியிலேயே அருணகிரியைக் கிடத்தி, புடவையால் நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் கட்டி, நான்கு பேர் ஜீப் ரோடு வரை தூக்கிப் போனார்கள். அன்றைக்கு நடந்தவற்றில் அது ஒன்றுதான் சரியாக நடந்தது. முதுகு வளையாமல் போய்ச் சேர்ந்தான். கட்டச் சொன்னது காந்தா.

ஜீப்பில் ஏற்றும்போது யாரோ, எப்படி விழுந்தாய் என்று கேட்டார்கள்.

“அவ வுட்டுட்டா” என்றான் அருணகிரி. “ஏணி வழுக்கிடுச்சு.”

அவ்வளவுதான். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வர நாற்பது நாளாயிற்று. அந்தச் சொல் சாயங்காலத்துக்குள் முப்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு காந்தாவை யாரும் ஏணி பிடிக்கக் கூப்பிடவில்லை. அவளுக்கு யாரும் பிடிக்கவும் வரவில்லை. ஒரே மகளைச் செங்கத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டில் வேறு ஆள் கிடையாது. கொழுந்தன் பிள்ளை ஒருத்தன் வருகிறேன் என்றபோது அவன் அம்மா தடுத்துவிட்டாள். மகளிர் குழுத் தலைவி அம்சவல்லி, அடுத்த வீட்டுக்காரி, தன் வீட்டுக்காரர் ஏறும்போது காந்தா உதவிக்கு வந்து நின்றதும், “நீ போய்க் கீழ வுழுந்தத பொறுக்கு காந்தா, இங்க நாங்க பாத்துக்குறோம்” என்றாளாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

ஒரு நாள் புண் கட்ட வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது காந்தாவை நேராகவே கேட்டேன். “நெஜமா வுட்டியா?”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தெரியல நர்சம்மா. மேல இருந்து புளியந்தூசு கொட்டி ரெண்டு கண்ணுலயும் வுழுந்துடுச்சு. கண்ண மூடிட்டேன். கை புடிச்சிட்டுதான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன். அப்புறம் சத்தம் கேட்டுச்சு, ஓடினேன். ஏணி எப்போ சாஞ்சுதுன்னு பாக்கல. நான் ஓடினப்புறம் சாஞ்சுதா, முன்னாடியே சாஞ்சுதா, இன்னாத்த சொல்றது?”

“அவங்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். சொவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு.”

யாரும் புரட்டாமல் அவனால் திருப்ப முடிந்தது கழுத்தை மட்டும்தான். அதை வைத்து எத்தனை பதில் சொல்லலாம் என்பதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் வேலை புண் ஆறுவது. அதோடு விட்டேன். ஆனால் ஒன்று மனதில் இருந்தது. விழுந்த இடம் கீழே கிடந்த ஏணியிலிருந்து நான்கு முழம் தள்ளி என்று கோபால்சாமி சொல்லியிருந்தான். ஏணியோடு சாய்ந்தவன் ஏணிக்குப் பக்கத்தில் அல்லவா கிடப்பான்.

போன தை மாதம் மகளிர் குழுவுக்கு மூன்று கால் ஏணி ஒன்று வந்தது. மரப் பயிர் வைத்திருப்பவர்களுக்குக் கருவிகள் தரும் ஓர் அமைப்பு, ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்தது. கூடவே சிவசங்கரி என்ற பெண் வந்து ஒரு பகல் முழுக்க இருந்து காட்டினாள். நானும் போய் நின்றேன். விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதைவிட விழாமல் இருக்க வழி உண்டா என்று பார்ப்பது எனக்கு வேலை மிச்சம்.

அலுமினியம். ஒரு ஆள் தோளில் தூக்கலாம். படி இருக்கும் பக்கம் இரண்டு கால், அடியில் நன்றாக அகன்றது. உச்சியிலிருந்து பின்பக்கம் மூன்றாவது கால் ஒற்றைக் கம்பாக இறங்கும். மரத்தில் சாத்த வேண்டியதில்லை. வெட்டவெளியில் தானாக நிற்கும்.

“மூணாவது கால் எப்பவும் மேட்டுப் பக்கம்தான்” என்றாள் சிவசங்கரி. “நீங்க பள்ளத்துப் பக்கம் இருந்து மேட்டப் பாத்து ஏறணும். மாத்தி வெச்சா பின்னாடி சாஞ்சிடும். இந்தச் சங்கிலி தொய்வா இருக்கக் கூடாது. முறுக்கா நின்னாதான் கால் சரியா விரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

முன் கால்கள் இரண்டுக்குள்ளும் இன்னொரு குட்டிக் கால் இருந்தது. தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் குட்டிக் காலை வெளியே இழுத்து, துளையில் கம்பியைச் செருகிப் பூட்டலாம். குழி தோண்ட வேண்டாம். அந்த இரண்டு கால்களின் அடியிலும் ரப்பர் செருப்பு. பாறையில் வைக்கும்போது அது வழுக்காமல் பிடிக்கும். மண்ணில் வைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே இருக்கும் இரும்புப் பல் மண்ணில் இறங்கும்.

“மேல் மூணு படியில ஏறி நிக்கக் கூடாது. இன்னொண்ணு, தொப்புள் எப்பவும் ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கணும். எட்டலயா, எறங்குங்க, ஏணிய நகத்துங்க, திரும்ப ஏறுங்க. எட்டிப் பறிக்கிறவங்கதான் வுழுறாங்க. எந்த ஏணியா இருந்தாலும்.”

கூட்டத்தில் காந்தா பின்னால் நின்றிருந்தாள். அன்று அவள் கேட்டது ஒரே கேள்வி.

“இத யாரும் புடிக்கத் தேவையில்லியா?”

“தேவையில்லக்கா. சரியா வெச்சா தானா நிக்கும்.”

முதல் வாரம் யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அம்சவல்லி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்களே தவிர முன்வரவில்லை. ஆட்டுக்குக்கூட நாலு கால், இது என்ன மூன்று கால் என்று ஒருத்தி கேலி பேசினாள். காந்தா நடந்து வந்து ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவள் ஏறினாள். நாற்பத்தாறு வயதில், புடவையை வரிந்து கட்டி, உள்ளே மகளின் பழைய பேண்ட் போட்டுக்கொண்டு. கீழ்க் கிளைகளை ஏணியில் நின்று உலுக்கினாள். மேல் கிளைகளைத் தொரட்டிக் கோலால் உலுக்கினாள். முதல் நாள் ஒரு மூட்டை. பத்தாம் நாள் மூன்று மூட்டை.

அருணகிரியின் பொறாமை அன்றைக்கே ஆரம்பித்தது. முதலில் ஏணியின் எடையைக் கேட்டான். பிறகு உயரத்தைக் கேட்டான். பன்னிரண்டு படிதான் என்றதும் முகம் மலர்ந்தது.

“என்துல பாதி. அதுல ஏறி இன்னாத்த பறிப்பா? ஆட்டுக்குத் தழ பறிக்கலாம்.”

அதற்கு ரப்பர் செருப்பு உண்டு என்று கேள்விப்பட்டதும் இன்னும் மோசமாயிற்று. “ஏணிக்குச் செருப்பு! மண்ணுல கழட்டணுமாம், பாறையில போடணுமாம். மாப்புள்ளைக்குக்கூட இவ்ளோ மரியாத கெடையாது.”

குழுவின் பொருள் என்பதால் காந்தா அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் கால்களில் ஒட்டிய மண்ணைத் துடைப்பாள், பூட்டுக் கம்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள், தார்ப்பாயில் சுற்றி அருணகிரியின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சாத்துவாள். அவன் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“என்னத் தொடைக்க நர்சம்மா வரணும். அதுக்கு நீயே தொடைக்கிற” என்றான் ஒரு நாள், நான் இருக்கும்போதே.

“அது எங்கூட வேலைக்கு வருது” என்றாள் காந்தா.

இரக்கமில்லாத பதில்தான். ஆனால் அவள் விடிகாலையில் எழுந்து அவனுக்கு வயிறு கழியவைத்து, குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டுத்தான் மரத்துக்குப் போனாள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்சவல்லியின் மாமியார் வந்து பக்கம் மாற்றுவாள். ஆகையால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் ஆரம்பித்தான். “ரெண்டு கால் இருந்தவனுக்கு நின்னுட்டே இருந்து புடிச்ச. இதுக்கு மூணு கால். உனக்கு நிம்மதி.”

“ஆமா” என்றாள். “பழியும் போடாது.”

அவன் கழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாசி பிறந்த வாரத்தில் ஒரு காலை, அவனை இடப்பக்கம் புரட்டினேன். வலது இடுப்பில் சிவப்பாக ஒரு வளையம். விரலால் அழுத்தினேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. புதுப் புண் கிளம்புகிறது என்று பொருள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஏணியின் ரப்பர் செருப்பு.

“இன்னாடா இது?”

“தெரியாது.”

“ரப்பர் தானா நடந்து வந்து படுத்துச்சா?”

செருப்பு இரண்டையும் துணிப்பையில் போட்டுக் கட்டில் ஓரத்து ஆணியில் காந்தா மாட்டியிருப்பாள். கை எட்டும் தூரம். மற்ற எதற்கும் கையை நீட்டச் சொன்னால் வலிக்கிறது என்பான். ஒளித்துவைத்த பொருளின் மேலேயே இரவு முழுக்கப் படுத்திருந்திருக்கிறான். உணர்வில்லாத இடுப்பு. அவனுக்குத் தெரியவில்லை.

“நாளைக்கி அவ பாறை மேல இருக்கிற மரத்துக்குப் போறா. ஒத்தச் செருப்போட ஏணி வெச்சா இன்னா ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?”

விரிப்பின் நுனியைத் திருகினான். “அவ தெனமும் எண்ணிப் பாப்பா. ஒண்ணு இல்லன்னா ஏற மாட்டா. ஒரு நாளாவது வூட்டோட இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“உனக்குப் புதுப் புண்ணு வந்தா ஒரு மாசம் வூட்டோட இருப்பா. அதுக்கா?”

செருப்பைப் பையில் போட்டேன். காந்தாவிடம், வலப்பக்கம் நான்கு நாள் சாய்க்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. வளையம் ஐந்தாம் நாள் மறைந்தது. பொறாமை மறையவில்லை.

மாசி நடுவில் ஒரு நாள் பகல். காந்தா வீட்டுக்கு முன்னால் இருக்கும் களத்தில் ஏழெட்டுப் பெண்கள் புளியைத் தட்டி ஓடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஊரில் அதிகப் புளி இறக்கியவள் காந்தாதான். அவள் களம்தான் பெரிதாக இருந்தது. அருணகிரியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்புப் பட்டி கட்டி, பலா மரத்து நிழலில் நிறுத்தியிருந்தேன். தினம் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது என் கட்டளை. ஏணி எதிரே விரிந்து நின்றது. அம்சவல்லி, மூன்று நாள் கழித்து அதைத் தனக்குத் தரும்படி கேட்க வந்திருந்தாள். இப்போது எல்லோரும் கேட்டார்கள்.

கோபால்சாமி பீடி குடித்தபடி வந்து ஏணியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். காலைத் தட்டிப் பார்த்தான், சங்கிலியை இழுத்துப் பார்த்தான். மூன்று படி ஏறிக் குலுக்கினான். ஏணி அசையவில்லை.

“சோக்கா இருக்குதே” என்றான். “ஏய் மச்சான், இதப் பாரு. இதான் ஏணி. உன்து மாதிரியா? அன்னிக்கி இது இருந்திருந்தா இந்த வண்டியில நீ குந்தியிருக்க மாட்ட.”

அருணகிரி தாடையை இறுக்கினான். நான் பார்த்தேன்.

அம்சவல்லி சேர்த்துக்கொண்டாள். “மூங்கில் இன்னாத்துக்கு ஆவும் அண்ணா. ரெண்டு கால வெச்சு மரத்துல சாத்துனா வழுக்கத்தான் செய்யும். அதுவும் இவங்க ஏணி அடியில சீவி வுட்ட மொனை. மண்ணு ஈரமா இருந்தா எங்க நிக்கும்?”

“நல்ல ஏணியா இருந்தா காந்தா வுட்டாக்கூட நின்னிருக்கும்” என்றான் கோபால்சாமி. “ஏணியும் சரியில்ல, புடியும் சரியில்ல. ரெண்டும் சேந்துக்கிச்சு.”

“எவன்டா சொன்னான்?”

களத்தில் தட்டுகிற சத்தம் நின்றது. அருணகிரி அப்படிக் கத்தி இரண்டு வருஷமாயிற்று.

“எவன்டா சொன்னான் என் ஏணி சரியில்லன்னு? இருவத்தோரு படி, ஒரு படி ஆடிக் காட்டு பாக்கலாம். வழுக்கிச்சாமே! என் ஏணி ஒரு வெரக்கட நகரலடா. வெச்ச எடத்துல வெச்ச மாதிரி நின்னுச்சு. அன்னிக்கி அவசரத்துல மேல கவுறுகூடக் கட்டல. கட்டாமலே நின்னுச்சு! உன் அலுமினியம் நிக்குமா? மூணாவது கால எடுத்துட்டு நிக்கச் சொல்லு பாக்கலாம்!”

கோபால்சாமி பீடியை வாயிலிருந்து எடுத்தான். சொன்னதன் பொருள் அருணகிரிக்கே கடைசியில்தான் எட்டியது. வாயை மூடிக்கொண்டான். காந்தா கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

“நகரலியா?”

அவன் கழுத்தைத் திருப்பப் பார்த்தான். பலா மரம் இருந்த பக்கம் நான் நின்றேன். மறுபக்கம் கோபால்சாமி.

“நகரலன்னா எப்டி வுழுந்த?” என்றாள் காந்தா.

அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஏணி வழுக்கியது என்று திரும்பவும் சொன்னால் அவன் சொல் நிற்கும், ஏணியின் பெயர் போகும். வழுக்கவில்லை என்றால் ஏணியின் பெயர் நிற்கும். அவன் ஒரு தரம் அலுமினிய ஏணியைப் பார்த்தான். அது வெயிலில் பளபளத்துக்கொண்டு, யாரும் பிடிக்காமல் நின்றது.

“எட்டுனேன்” என்றான்.

“இன்னா?”

“எட்டுனேன்டி. இவன் பக்கத்து மரத்துல மூணாவது சாக்கு கட்டிட்டான். எனக்கு ரெண்டுதான். ஒரு கொத்து நல்லாத் தொங்குச்சு, ரெண்டு கை தள்ளி. எறங்கி ஏணிய மாத்தி வெச்சா நேரம் போவும்னு கால ஒத்தப் படியில வெச்சிட்டு எட்டுனேன். கெள கையோட வந்துடுச்சு.”

“அப்போ நான்?”

“நீ புடிச்சிட்டுதான் இருந்த. வுழுறப்போ பாத்துட்டேதான் வுழுந்தேன். கண்ண மூடிட்டுப் புடிச்சிட்டு இருந்த. கவுறு கட்டாத ஏணி வேற எதுல நிக்கும்? நீ எங்கிட்ட ஓடியாந்தப்புறம்தான் சாஞ்சுது.”

“அப்புறம் ஏன்யா அப்டி சொன்ன?”

“வாயில வந்துடுச்சு. அப்புறம் ஊரே அதையே சொல்லிச்சு. நான் இன்னா பண்றது?”

காந்தா இன்னும் ஓர் அடி அவன் பக்கம் வைத்தாள். நான் நாற்காலியின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேன், தள்ளிவிடுவாளோ என்று. அவள் தள்ளவில்லை. “ரெண்டு வருஷம்” என்றாள். போய் உட்கார்ந்து புளி தட்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் தட்டிய புளியில் பாதி கொட்டையோடு நசுங்கிவிட்டது.

நான்கு நாள் காந்தா அவனிடம் பேசவில்லை. வேலையில் குறை வைக்கவில்லை, நான் புண்ணைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கஞ்சி கொடுத்தாள், பக்கம் மாற்றினாள், வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளே அவன் என்னிடம் முறையிட்டான். “அந்த ஏணிகிட்டகூட ஏதோ முணுமுணுன்னு பேசுறா நர்சம்மா. எங்கிட்ட பேச மாட்றா.”

“பூட்டு மாட்டியாச்சான்னு தனக்குத்தானே சொல்லிக்கிறா. அதுக்கும் பொறாமையா?”

ஐந்தாம் நாள் அம்சவல்லி வந்தாள். வாசலிலேயே நின்றாள். அவள் வீட்டு மரங்களில் ஒன்று ஊரிலேயே உயரம். மூன்று கால் ஏணி பாதிக்குக்கூட எட்டவில்லை. அவள் வீட்டுக்காரர் முதுகு வலி என்று படுத்துவிட்டார், இந்த முறை அவளே ஏறப்போகிறாள். அதற்கு நீள ஏணி வேண்டும். ஊரில் இருபத்தோரு படி ஏணி ஒன்றுதான், அருணகிரியின் ஏணி. இரண்டு வருஷமாகக் கூரை இறவாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“காந்தா, நாளைக்கி வந்து புடி” என்றாள் அம்சவல்லி.

“உன் வூட்டுல ஆளு இல்லியா?”

“இருக்காங்க.”

“வுட்ட கையாச்சே இது. உனக்குப் பயமா இல்ல?”

அம்சவல்லி தரையைப் பார்த்தாள். “நீயே வந்து புடி காந்தா. நான் கேக்குறேன் இல்ல?”

காந்தா உடனே சரி என்று சொல்லவில்லை. உள்ளே திரும்பி நான்கு நாளுக்குப் பிறகு புருஷனிடம் வாய் திறந்தாள். “ஏணிய குடுக்கலாமா?”

அருணகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் காட்டவில்லை. “அலுமினியத்துக்கு எட்டலியாமா?” என்றான். “எட்டாது. நான் அன்னிக்கே சொன்னேன். எடுத்துட்டுப் போங்க. புதுக் கவுறு போடணும். பழசு செல்லு அரிச்சிருக்கும்.”

அன்று மத்தியானம் ஏணியை இறக்கி அவன் நாற்காலிக்கு முன்னால் தரையில் போட்டோம். படி படியாகக் காந்தா ஏறி மிதித்துப் பார்க்க, அவன் காதால் கேட்டான். ஏழாவது படி சத்தம் மாறியது. ஆப்பு தளர்ந்திருந்தது. அவனே கட்டையால் அடித்து இறுக்கினான். பதினாறாம் படியில் சிறு வெடிப்பு. அதைப் பிடுங்கி வேறு கம்பு செருகச் சொன்னான். பிறகு கூர் முனை இரண்டையும் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், “அந்த இரும்புப் பல்லு மாதிரி இதுக்கும் ஒரு பூண் அடிச்சா தேயாது” என்றான். அவன் அந்த அலுமினிய ஏணியைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதுவும் தன் ஏணிக்காக.

மறுநாள் காலை அவனையும் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடித்தான். கோபால்சாமியும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கி வந்து மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். வெயில் படாமல் துண்டு போட்டேன்.

காந்தா மேட்டுப் பக்கம் குழி தோண்டி மட்டம் பார்த்தாள். ஏணியைக் கவையில் உட்காரவைத்து இழுத்துப் பார்த்தாள். அம்சவல்லி பத்துப் படி ஏறியதும் நின்று கீழே பார்த்தாள். காந்தா அடிப் படியில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். மேலே பார்க்கவில்லை. தூசு விழும் என்று தலையில் துணி போட்டு முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் யோசித்து வைத்திருப்பாள்.

“மேல போனதும் கவுறு கட்டுடி!” என்று கத்தினான் அருணகிரி. “தொப்புள் நடுவுல இருக்கட்டும்! எட்டாத!”

அம்சவல்லி கட்டினாள். எட்டவில்லை. மூன்று முறை இறங்கி, மூன்று முறை ஏணியை நகர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் காந்தா முதலில் காலை வைத்துப் பார்த்துப் பிறகுதான் ஏறலாம் என்று சொன்னாள். அம்சவல்லி அது வரைக்கும் தரையில் காத்து நின்றாள்.

அருணகிரிக்கு முகம் சரியில்லை. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றான். இடுப்புப் பட்டி இறுக்கமா என்று பார்த்தேன், இல்லை.

“இன்னாடா?”

“பாத்தியா நர்சம்மா” என்றான். ஏணியடியைக் கையால் காட்டினான். “அவளுக்கு ரெண்டு காலும் வெச்சு ஏறி நிக்கிறா. எனக்கு இருவத்தஞ்சு வருஷம் ஒத்தக் கால வெச்சுதான் புடிச்சா.”

காந்தாவுக்குக் கேட்டுவிட்டது. துணிக்குள்ளிருந்தே பதில் வந்தது.

“வுழுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ கீழ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தூக்கிப் போய்ப் படுக்கவைக்கச் சொன்னேன். வர மாட்டேன் என்றான். இடுப்பைக் காட்டி எச்சரித்தேன், அப்போதும் வர மாட்டேன் என்றான். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் அவனை ஊன்றச் சொல்லி, நானும் உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இடுப்புக்கு இரத்தம் ஓடவிட்டு, மறுபடி உட்காரவைத்தேன். கால் மணிக்கு ஒரு தரம் அப்படிச் செய்தேன். மரம் முடிய மதியம் ஆயிற்று. அது வரை அவன் கண் காந்தாவின் கால்களை விட்டு நகரவில்லை.